ஆணி அடித்துக்கொள்ளலாம்

"டொக்" என்றது பாத்ரூம் டைல்ஸ்.

"கேட்டீங்களா ஐயா? அடியில சிமெண்டே இல்ல, காத்துதான் இருக்குது." ரீட்டா விரலை மடக்கி அடுத்த கல்லையும் தட்டினாள். அதுவும் டொக்.

வீட்டை விற்க நின்ற தங்கராசு துண்டால் முகத்தைத் துடைத்தார். "கால வெச்சு நடக்கத்தானம்மா டைல்ஸு? நாள் முழுக்கத் தட்டிக்கிட்டேவா இருக்கப் போறாங்க?"

தட்டுவதுதான் ரீட்டாவின் வேலை. இதே விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில், சூளையிலிருந்து இறங்கும் ஜாடிகளை அவள் தட்டிப் பார்ப்பாள். டிங் என்றால் பாஸ். டொக் என்றால் குப்பை. குடும்பத்தின் முதல் பட்டதாரி வேறு. யாரும் தன்னை ஏமாற்றிவிடக் கூடாது என்பதில் வெறியாக இருந்தாள்.

இந்த வீட்டை வாங்கி வாடகைக்கு விட வேண்டும். சேத்தியாத்தோப்பிலிருந்து மாற்றலாகி வரும் ஒரு டீச்சரிடம் பேசிக்கூட வைத்துவிட்டாள். சின்ன வயதில் அவள் குடும்பம் ஆறு வாடகை வீடு மாறியது. ஆறிலும் ஹவுஸ் ஓனரின் முதல் வார்த்தை, "சுவத்துல ஆணி அடிக்காத." அவள் வாங்கிய சர்டிபிகேட் ஒன்றுகூடச் சுவரேறவில்லை. தான் ஹவுஸ் ஓனரானால் சொல்ல வேண்டியதை எட்டாம் வகுப்பிலேயே தயார் செய்துவிட்டாள்: "எங்க வேணும்னாலும் ஆணி அடிச்சுக்குங்க!"

பதினோரு குறைகள் எழுதிய லிஸ்டை நீட்டினாள். "எல்லாத்தையும் சரி பண்ணுங்க. அப்புறம்தான் அட்வான்ஸு."

"டோக்கனா கொஞ்சம் குடுத்து ஒரு பேப்பர் எழுதிக்கலாமேம்மா?"

"வேலைய முடிச்சுட்டுக் கூப்பிடுங்க."

தங்கராசுவின் மனைவி பெரியம்மாள் செருப்புக் காலோடு கூடத்தில் நின்று சுவரைப் பார்த்தார். அவர்கள் இருந்தது இரண்டு தெரு தள்ளி, மழைக்கு ஒழுகும் ஓட்டு வீட்டில். இந்த வீடு நாலு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது.

மங்கலம்பேட்டை பஸ் பிடித்து ஊர் திரும்பியதும் அம்மா பாக்கியமேரி கத்தினாள். "ஏண்டி, நூறு ரூவாயாச்சும் குடுத்து எழுதி வாங்கிட்டு வர்றதுதானே?"

"படிச்சவ நீயா நானா?"

அம்மா ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பத்து நாளில் புது டைல்ஸ். தட்டினாள், டிங். ஆனால் தரை உயர்ந்துபோய்க் கதவு மூட மறுத்தது. கதவின் அடியைச் சீவினால் உள்ளே கரையான். புதுக் கதவு வந்தது. அதன் பளபளப்பில் சுவர் அழுக்காகத் தெரிந்தது. சுவரைச் சுரண்டினால் ஈரம். ஈரம் எங்கிருந்து என்று ஏறிப் பார்த்தால் மொட்டை மாடியில் விரிசல்.

லிஸ்ட் இருபத்து மூன்றானது.

"ரீட்டாம்மா, அடுத்த வாட்டி அந்த வெரல வூட்டுலயே வெச்சுட்டு வாயேன்," என்றார் தங்கராசு.

"ஒழுவுற வூட்ட என் தலையில கட்டலாம்னு பாக்குறீங்களா?"

இந்த முறை பெரியம்மாள் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். "அந்தப் பொண்ணு கேக்குறது நாயந்தாங்க," என்றார் கணவரிடம். "அடுப்பு மேடைகிட்ட மிக்சிக்கு ஒரு பிளக்கு வேணும். அதையும் எழுதும்மா."

ரீட்டாவுக்கு உச்சி குளிர்ந்தது. எதிராளி வீட்டிலேயே தனக்கு ஒரு ஆள்! உடனே எழுதினாள்: இருபத்து நான்கு.

அடுத்த வாரம் பெரியம்மாளே, "ஜன்னலுக்குக் கொசு வலை" என்றார். அப்புறம், "துணி காயப்போடக் கொடி." இருபத்தாறு. தங்கராசு இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் துண்டைத் தேடினார்.

"உங்களாட்டம் நாயம் தெரிஞ்சவங்க யாரும்மா இருக்காங்க?" என்று உருகினாள் ரீட்டா.

வேலையெல்லாம் முடிந்த ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து நேராக வந்து இறங்கினாள். பையில் அட்வான்ஸ், பேனா, குடிவரப்போகும் டீச்சருக்குப் பரிசாக ஒரு டப்பா ஆணி.

வாசலில் மாவிலை. சுவரெல்லாம் பிஸ்தா பச்சை. எங்கே தட்டினாலும் டிங். பெரியம்மாள் சூடான பால் டம்ளரை நீட்டினார். ரீட்டா நெகிழ்ந்துபோய்ச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள்.

"எதுக்கும்மா இவ்ளோ மரியாதை? எல்லாம் பாஸ்! பேப்பர எடுங்க ஐயா, எழுதிடலாம்."

தங்கராசு மாவிலைகளை எண்ண ஆரம்பித்தார்.

"இன்னும் எழுத என்னம்மா இருக்குது? காலையிலதான் பால் காய்ச்சி நாங்க குடி வந்தோம்," என்றார் பெரியம்மாள். "நீயும் தெனம் பஸ்ஸுல அல்லாடுற. எங்க பழைய வூடு காலியாத்தான் இருக்குது, வாடகைக்கு வந்துடு. சுவத்துல ஆணி மட்டும் அடிக்காத."