சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு வில்லன்

வருகிற சனிக்கிழமை ஒருவனைத் தீர்த்துக்கட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

பதறாதீர்கள். ஆள் காகிதத்தால் ஆனவன். பெயர் கர்கோமா பிரபு. எங்கள் ஸ்பானிய மொழியில் கர்கோமா என்றால் மரத்தை உள்ளுக்குள்ளேயே அரித்துத் தின்னும் பூச்சி. படக்கதை வில்லனுக்குப் பொருத்தமான பெயர்தான். ஆனால் அவன் அரித்தது என் இல்லறத்தை.

என் மனைவி அம்பாரோவின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு அவள் அப்பா ஒரு கர்கோமா பின்யாத்தா வாங்கி வந்தார். பச்சை அங்கி, மெல்லிய மீசை, கையில் காகித ரோஜா, வயிறு நிறைய மிட்டாய். வேறு பிள்ளையாக இருந்தால் என்ன செய்யும்? பொம்மையைக் கயிற்றில் தொங்கவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு, கம்பால் நாலு சாத்து சாத்தி, கொட்டுகிற மிட்டாயைப் பொறுக்கும். இவள் பொம்மையின் காலைக் கட்டிக்கொண்டு, "அடிக்கிறதுன்னா என்னை அடிங்க" என்று அழுதிருக்கிறாள். அன்றைக்கு மெக்சிகோ நகரம் முழுவதிலும் அடிபடாமல் தப்பிய பின்யாத்தா அது ஒன்றாகத்தான் இருக்கும்.

கல்யாணமானதும் அவனும் சீதனத்தோடு வந்து இறங்கினான். போர்த்தாலெஸ் பேட்டையில், ஆறு குடித்தனத்துக்கு ஒரு முற்றம் உள்ள எங்கள் வீட்டில், சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே தொங்குகிறான். நான் மொச்சைக் கொட்டையை வாயில் வைத்தால் எண்ணுவான். மனைவியின் கையைப் பிடித்தால் முறைப்பான். வாரம் ஒருமுறை அம்பாரோ நாற்காலி மேல் ஏறி அவன் மீசையைத் தூசி தட்டுவாள். என் மீசையை இதுவரை யாரும் தூசி தட்டியதில்லை.

போட்டி என்று வந்துவிட்டால் எதிரியைப் படிக்க வேண்டும் அல்லவா? படித்தேன். அதில்தான் குழப்பம். கர்கோமா ஒருவன் இல்லை, ஐந்து பேர். படக்கதையில் ஒருவன். வானொலி நாடகத்தில் ஒருவன். தொலைக்காட்சியில் ஒருவன். மல்யுத்த மேடையில் முகமூடி போட்டு ஒருவன். போன வருடம் சினிமாவில் ஒருவன். இதில் எவன் என் மனைவியின் மனதில் இருக்கிறான்?

வானொலிக்காரனிலிருந்து ஆரம்பித்தேன். அவன் சிரித்தால் இருபது விநாடி சிரிப்பான். நான் குளியலறையில் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து, மேசை முன்னால் நின்று சிரித்தேன். ஏழாவது விநாடியில் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு தோன்யா சோலே, கையில் தேன் பாட்டிலோடு.

"என்னம்மா அம்பாரோ, உன் வீட்டுக்காரருக்குப் புரை ஏறிடுச்சா?"

"இல்லக்கா. சிரிக்கிறாராம்."

"ஐயோ பாவம். தேன் இருக்கட்டும்."

அடுத்து சினிமாக்காரன். அவனுக்கு உடம்பெல்லாம் தசை, மனசெல்லாம் சோகம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் எனக்குத் தசை இல்லை என்பதால் சோகத்தை எடுத்துக்கொண்டேன். ஜன்னலோரம் நின்று, "என் குழந்தைப் பருவத்தில் யாரும் என்னை நேசிக்கவில்லை" என்றேன்.

"உங்க அம்மா இன்னும் உனக்கு சாக்ஸ் பின்னி அனுப்புறாங்களே, கிழவா?"

எனக்கு வயது இருபத்தெட்டு. கட்டியவனைக் கிழவன் என்றுதான் எங்கள் ஊரில் கொஞ்சுவார்கள்.

"அது வேற சோகம், ராணி."

"சரி, அழுகிறதுதான் அழுகிற, இந்த வெங்காயத்தையும் நறுக்கிடு. வீணாப் போக வேண்டாம்."

நறுக்கினேன். நறுக்கிக்கொண்டே கேட்டேன். "உண்மையைச் சொல்லு. உனக்கு எந்தக் கர்கோமாவைப் பிடிக்கும்? சினிமா?"

"சீ. அழுமூஞ்சி."

"தொலைக்காட்சி?"

"ஒட்டு மீசை. ஒருநாள் கதாநாயகியைக் கடத்தும்போது அவ தோள்லயே ஒட்டிக்கிச்சு."

"மல்யுத்தம்?"

"அவன் வர்றதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி அவன் தொப்பை வந்துடும்."

"அப்ப யாரு?"

அவள் மேலே காட்டினாள். "இவர்தான். படக்கதையில வர்ற மாதிரியே செஞ்சது."

இவர்! எனக்கு 'வா, போ', காகிதத்துக்கு 'இவர்'. அந்த நிமிஷம்தான் சனிக்கிழமையைக் குறித்தேன்.

சனிக்கிழமை அம்பாரோவின் அக்கா மகள் இத்செலுக்கு ஏழாவது பிறந்தநாள். கொண்டாட்டம் எங்கள் முற்றத்தில். சந்தையில் தோன் இலாரியோ கடையில் பின்யாத்தா சொல்லிவைக்கும் பொறுப்பு என்னுடையது. நான் என்ன செய்தேன்? சொல்லவில்லை. அவ்வளவுதான் திட்டம். எங்கள் ஊரில் மணமகன் இல்லாமல் கல்யாணம்கூட நடந்துவிடும். பின்யாத்தா இல்லாமல் பிறந்தநாள் நடக்காது. முப்பது பிள்ளைகள் கத்தும். இத்செல் உதட்டைப் பிதுக்குவாள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு பின்யாத்தா. அம்பாரோவுக்கு இளகிய மனசு. அவளே ஏறி அவனை இறக்கித் தருவாள். என் கையில் ரத்தக்கறை இருக்காது. எவ்வளவு சுத்தமான கொலை!

சனிக்கிழமை. கேக்கு வெட்டியாயிற்று. சோள மாவுத் தமாலே தின்றாயிற்று. பிள்ளைகள் ஆரம்பித்தன. "பின்யாத்தா! பின்யாத்தா!"

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். அடிப்பதையும் குளியலறையில் பழகியிருந்தேன்.

"ஐயையோ, ராணி! மறந்தே போச்சு!"

அம்பாரோ என்னைப் பார்த்தாள். நீண்ட பார்வை. கோபமே இல்லை. அங்கேயே நான் பயந்திருக்க வேண்டும்.

"மறந்துட்டியா?"

"சுத்தமா."

"இப்ப என்ன செய்யலாம்?"

"வீட்டுல இருக்கிறதைத்தான்..." என்று இழுத்தேன். கண்கள் தாமாகச் சாப்பாட்டு அறைப் பக்கம் போயின.

"வீட்டுல இருக்கிறதை உடைக்கணுங்கிறியா?"

"குழந்தைங்க முகத்தைப் பாரேன்."

"யோசிச்சுச் சொல்லு, கிழவா. உடைச்சா உடைச்சதுதான். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"எனக்கென்ன வருத்தம்? உனக்காகத்தான் கவலைப்படுறேன்."

"அப்ப நீதான் மறந்த, நீயே முதல்ல அடி."

என் அதிர்ஷ்டத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை. கழுத்துக்குட்டையால் என் கண்ணை அவளே கட்டினாள். கையில் கம்பைக் கொடுத்தாள். வயதுக்கு ஒரு சுற்று என்பது வழக்கம். எனக்கு இருபத்தெட்டும் சுற்றினார்கள். வானம் எங்கே, பூமி எங்கே என்று தெரியவில்லை. பின்பக்கம் கதவு திறக்கும் சத்தம். கயிறு கிறீச்சிட்டது. பிள்ளைகள் "ஓ!" என்று ஒரு சத்தம் போட்டன. பிறகு அடக்க முடியாத சிரிப்பு. என் வீரத்துக்கு வரவேற்பு என்று நினைத்தேன்.

முதல் அடி காற்றுக்கு. இரண்டாவது தோன்யா சோலேயின் துணிக்கொடிக்கு. மூன்றாவது அடியில் காகிதம் சத்தம் போட்டது. அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. மூன்று வருட மொச்சைக் கொட்டைக்கு ஒன்று! மீசைத் தூசிக்கு ஒன்று! 'இவர்தான்' என்றதற்கு இரண்டு!

படார்.

மிட்டாய் கொட்டியது. பிள்ளைகள் என் கால்களுக்கிடையே பாய்ந்தன. கண்கட்டை அவிழ்த்து வெற்றியோடு நிமிர்ந்தேன்.

கயிற்றில் ஆடியது கண்ணாடி போட்ட ஒருவன். நீலச் சட்டை. வகிடெடுத்த தலை. சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடிக் கடையின் பெயர் அட்டை. வயிறு இரண்டாகப் பிளந்திருந்தது.

நான்தான்.

கர்கோமா பிரபு ஜன்னலுக்கு உள்ளே, பிறந்தநாள் தொப்பி போட்டுக்கொண்டு தொங்கினான்.

"சித்தப்பா சித்தப்பாவை உடைச்சுட்டாரு!" என்று இத்செல் முற்றம் முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினாள்.

கூட்டம் கலைந்த பிறகு அம்பாரோ தரையில் உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எப்பச் செய்யச் சொன்ன?" என்று கேட்டேன்.

"போன மாசமே. புதன்கிழமை நம்ம கல்யாண நாள், ஞாபகம் இருக்கா? அவருக்குப் பக்கத்துல மாட்டலாம்னு. திங்கக்கிழமை எடுக்கப் போனேன். 'பாப்பாவுக்கு பின்யாத்தா வேண்டாமாம்மா, உங்க வீட்டுக்காரர் வரவே இல்லையே'ன்னாரு தோன் இலாரியோ. புரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா மாட்டின?"

"அலமாரிக்குள்ள ஒரு நட்சத்திர பின்யாத்தாவும் வாங்கி வச்சிருந்தேன். நீ ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லியிருந்தா அதை எடுத்திருப்பேன். யோசிச்சுச் சொல்லுன்னு கேட்டேனா இல்லையா?"

கேட்டாள்தான். துண்டுகளில் ஒரு கையைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். இடது கை.

"அந்தப் படக்கதையை முழுசாப் படிச்சியா நீ?" என்றாள்.

"வானொலி, சினிமாவுக்கே நேரம் போயிடுச்சு."

"படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். மத்த கர்கோமாவெல்லாம் கத்துவான், சிரிப்பான், அழுவான். படக்கதைக்காரர் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்த மாட்டார். வங்கியைக் கொள்ளையடிக்கும்போதுகூட, 'சிரமத்துக்கு மன்னிக்கணும்'பார். எங்க வீட்டுல எல்லாரும் கத்துவாங்க. அப்படி ஒரு ஆள் உலகத்துல இருக்க முடியாதுன்னு நினைச்சேன். அப்புறம் ஒருநாள் கண்ணாடிக் கடைக்குப் போனேன். ஒருத்தர், 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா'ன்னு மெதுவாக் கேட்டாரு."

நான் செருமினேன். தோன்யா சோலேயின் தேன் உள்ளே இருக்கிறது என்று தெரியும். எழுந்து போக மனசில்லை.

அன்று மாலையே மாவுப் பசை காய்ச்சி, செய்தித்தாளைக் கிழித்து, இருவரும் என்னை ஒட்டினோம். முடிந்தவரைக்கும் ஒட்டினோம். ஒரு காது பின்பக்கம் பார்க்கிறது. வயிற்றில் கால்பந்துச் செய்தி படிக்கலாம். மூக்கை எந்தப் பிள்ளையோ மிட்டாய் என்று எடுத்துப் போய்விட்டது. புதன்கிழமை மேசைக்கு மேலே இரண்டு கயிறு, இரண்டு பேர்.

மறுநாள் சாப்பிட வந்த இத்செல் அண்ணாந்து பார்த்தாள். இந்தப் பக்கம் ரோஜாவோடு ஒருவர், நிமிர்ந்து. அந்தப் பக்கம் மூக்கில்லாமல் ஒருவர், கோணலாக. வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"சித்தி, இதுல வில்லன் யாரு?"

அம்பாரோ சூப்பை ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகக் கையைத் தூக்கினேன்.