வாயைக் கட்டிக்கொண்டு ஊட்டிக்கு

இலையில் நெய் சொட்டச் சொட்ட மூன்று ஒப்பிட்டு விழுந்துவிட்டது. நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு கந்தப்பன் நிற்கிறார். நல்லசிவத்துக்கு அழுகை வரும்போல் இருந்தது.

வெல்லப் பூரணம் வைத்துத் தட்டிய ஒப்பிட்டு பிடிக்காமல் இல்லை. பிடித்துத் தொலைக்கிறதே என்பதுதான் அவருடைய கஷ்டம். பவானியில் ஜமக்காளக் கடை. விற்காத ஜமக்காளங்களின் மேல் உட்கார்ந்து உட்கார்ந்தே உடம்பைத் தொண்ணூற்றெட்டுக் கிலோவுக்கு வளர்த்துவிட்டார். புறப்படுவதற்கு முன்னால் டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஊட்டிக்கா, சந்தோஷமாகப் போய்வாருங்கள், திரும்பி வரும்போது மூன்று கிலோ குறைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தினமும் வயிற்றில் ஊசிதான் என்றார். நல்லசிவம் தெருநாய்க்குப் பயப்படமாட்டார், வருமான வரிக்காரருக்கும் பயப்படமாட்டார். ஊசி என்றால் மட்டும் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே திரும்பி வந்துவிடுவார்.

"அப்பா, ஊசி" என்று காதோடு சொன்னான், பக்கத்து இலையில் இருந்த மகன் ஞானசேகரன்.

கோயமுத்தூரில் மோட்டார் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். லீவு போட்டு, காரையும் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். டாக்டர் சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து அப்பாவின் வாய்க்கு அவன்தான் காவல். பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெறவேண்டும் என்று நல்லசிவம் கடைவீதியில் பெருமை பேசாத ஆளில்லை.

இந்தப் பக்கம் மனைவி அருக்காணி முழங்கையால் இடித்தாள். "ஏனுங்க, ஒரு வாயாச்சும் சாப்புடுங்க."

கந்தப்பன் அவளுக்குத் தூரத்துச் சொந்தம், அருவங்காட்டுத் தொழிற்சாலையில் வேலை. ஊட்டிக்குப் போகிற வழியில் இவர் வீட்டுக்கு வரப்போகிறோம் என்பதே நல்லசிவத்துக்குக் கார் நின்ற பிறகுதான் தெரியும். கணவரிடம் காலையில் சொன்ன சங்கதி மத்தியானத்துக்குள் பவானி முழுக்கச் சுற்றிவிடும் என்பதால் அருக்காணி எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

நல்லசிவம் கண்ணை இறுக மூடி ஊசியை நினைத்துக்கொண்டார். வழியிலேயே சாப்பிட்டுவிட்டோம், வயிற்றில் இடமில்லை என்று சொல்லி இலையை மூடிவிட்டு எழுந்தார். ஞானசேகரனும் கூடவே எழுந்தான்.

அந்த நான்காவது ஒப்பிட்டு கந்தப்பன் கையிலேயே ஆறியது. உள்ளே அவர் மகள் பாத்திரம் கழுவுகிற சத்தம்கூட நின்றுபோயிற்று. புறப்படும்போது சரிங்க என்றார்கள், அவ்வளவுதான். மறுபடி வாங்க என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

"ஒரே ஒரு வாய்தானுங்க கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அருக்காணி முந்தானையால் காதைச் சுற்றிக்கொண்டு கார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாப்பிடாததற்கு இவ்வளவு கோபமா என்று நல்லசிவத்துக்கு மனசு விட்டுப்போயிற்று.

மறுநாள் கோத்தகிரி. அருக்காணிக்குத் தெரிந்த டீச்சர் தாயம்மாள் வீடு. வேண்டாம் என்று சொன்னால்தானே மனஸ்தாபம், விரதம் என்று சொன்னால் யார் கோபிக்க முடியும் என்று நல்லசிவம் ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தார். சொன்னதுதான் தாமதம், டீச்சரம்மாவுக்கு வாயெல்லாம் பல். விரதக்காரருக்கு ஆகிற பலகாரம் இல்லாத வீடா இது என்று கச்சாயம் வந்தது, தேங்காய்ப்பால் வந்தது, மலை வாழைப்பழம் சீப்போடு வந்தது. டீச்சரின் மகள் பாலில் ஏலக்காய் தட்டிப்போட்டுத் தானே கொண்டுவந்து நீட்டினாள். சோற்றுக்குப் பயந்து ஓடியவர் சர்க்கரையில் போய் விழுந்தார்.

எச்சில் ஊற, கை மெல்லக் கச்சாயத் தட்டை நோக்கி நகர்ந்தது.

"எங்கப்பா விரதம் ரொம்பக் கடுமைங்க" என்றான் ஞானசேகரன். "பச்சைத் தண்ணி பல்லுல படாது."

கை பாதி வழியில் நின்று, தலையைச் சொறிந்துவிட்டுத் திரும்பி வந்தது. அப்படி என்ன விரதம், யாருக்கு வேண்டுதல் என்று டீச்சர் கேட்டார். வெளியே சொன்னால் பலிக்காதுங்க என்று அதற்கும் மகனே பதில் சொன்னான். டீச்சரின் முகம் கறுத்தது. பாலை வைத்த பெண் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போனவள்தான், வழியனுப்பவும் வரவில்லை. அருக்காணி காரில் ஏறிக் கதவைச் சாத்திய வேகத்தில் கண்ணாடி அதிர்ந்தது.

அன்று மாலை ஊட்டி பஸ் ஸ்டாண்டில் எடை மிஷினைப் பார்த்ததும் அவருக்கு ஒரு நப்பாசை. இரண்டு நாள் பட்டினிக்குப் பலன் இல்லாமலா போகும்? ஏறி நின்று காசைப் போட்டார். அட்டை விழுந்தது. தொண்ணூற்றொன்பது.

ஸ்வெட்டர், அதன் மேல் கோட்டு, கழுத்தில் மப்ளர், காலில் பூட்ஸ், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மிஷின் நிறுத்திருக்கிறது என்று யாராவது ஒரு புண்ணியவான் அவருக்குச் சொல்லியிருக்கலாம். மகன் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுக் கவலையோடு உதட்டைப் பிதுக்கினான். குளிருக்கு உடம்பு ஊதுமாம். இனிமேல்தான் இன்னும் கட்டுப்பாடாக இருக்கவேண்டுமாம். ஊரே மிளகாய் பஜ்ஜியும் சுடச்சுட டீயுமாக அலைகிறது. நல்லசிவம் நட்டநடு ரோட்டில் அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாப்பிட்டாலும் ஏறுகிறது, சாப்பிடாவிட்டாலும் ஏறுகிறது, இந்த உடம்பை வைத்துக்கொண்டு இன்னும் எதற்கு உயிரோடு இருக்கவேண்டும் என்று தோன்றியது. ஆற்றாமையில் ஒரு பொட்டலம் வர்க்கி வாங்கி மப்ளருக்குள் ஒளித்தார். வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது. பறிமுதல் செய்த வர்க்கியை அவர் கண்ணெதிரிலேயே மகன் டீயில் முக்கித் தின்றான்.

மூன்றாவது வீடு குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட். அங்கே கிளார்க் ஆறுக்குட்டி, மனைவி மகளோடு இருக்கிறார். அருக்காணி காலையிலேயே கையெடுத்துக் கும்பிட்டாள். இந்த ஒரு வீட்டிலாவது மானத்தை வாங்காதீர்கள் என்றாள். நல்லசிவம் இருபுறமும் பார்த்தார். இந்தப் பக்கம் பெண்டாட்டி, அந்தப் பக்கம் ஊசி. யார் மனமும் நோகக்கூடாது என்று, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டார். உடம்புக்கு முடியாதவனை யார் குறை சொல்வார்கள்?

யாரும் குறை சொல்லவில்லை. ஆறுக்குட்டி பதறிப்போய் எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் தனசிங்கைக் கூட்டிவந்தார். தனசிங் கண்ணை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், பிறகு பையைத் திறந்து ஊசியை எடுத்தார்.

வேண்டாம் என்று நல்லசிவம் கத்தியது தேயிலைக் காட்டில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, இடுப்பில் இறக்கிவிட்டார் கம்பவுண்டர். ஊசிக்குப் பயந்து பட்டினி கிடந்தவனுக்கு அந்தப் பட்டினிக்காகவே ஊசி என்றால் இது எந்த ஊர் நியாயம்?

ஒரு வாய் ரசஞ்சோறாவது சாப்பிடட்டுமே என்று அருக்காணி கெஞ்சினாள். நாளை வரைக்கும் எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார் தனசிங். ஞானசேகரன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொன்னான்.

திரும்பும்போது மஞ்சூர் வழியாக இறங்கினால் கூட்டம் இருக்காது என்றான் மகன். எந்த வழியானால் என்ன, எல்லா வழியும் டாக்டரிடம்தான் போகிறது என்று நல்லசிவம் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வளைவுக்கு வளைவு அருக்காணிக்குத் தலை சுற்றியது. வாந்தி எடுத்து ஓய்ந்து, பின் சீட்டில் படுத்துத் தூங்கிவிட்டாள். மஞ்சூர் தாண்டி ஓர் ஓட்டு வீட்டின் முன்னால் கார் நின்றது. இஞ்சின் சூடாகிவிட்டது, தண்ணீர் ஊற்றவேண்டும், தெரிந்தவர்கள் வீடுதான், உள்ளே போய் உட்காருங்கள் என்றான் மகன்.

வாசலில் கால் வைத்ததும் மணம் மூக்கைத் துளைத்தது. அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கி, பூண்டு தட்டிப்போட்டு, அப்போதுதான் இறக்கியிருக்கிறார்கள். வீட்டுக்கார அம்மாள் கனகமணி வாங்க என்றாள். மகள் வேணி இலை போட்டாள். யாரும் வற்புறுத்தவில்லை. பசியில் காதடைத்துப் போயிருந்த நல்லசிவம் பழக்கதோஷத்தில் மகன் பக்கம் திரும்பினார். ஊசி என்று ஒரு வார்த்தை சொன்னால் எழுந்துவிடலாம். அவனோ வாசலில் நின்றுகொண்டு மலையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"போடுங்கம்மா" என்றார் நல்லசிவம்.

எல்லாம் போகட்டும். ஊசிதானே, போட்டுக்கொண்டால் போகிறது. சோற்றில் நெய்யைக் குளமாகக் கட்டி, கத்தரிக்காய்க் கடைசலைத் தொட்டுக்கொண்டு வெட்டு வெட்டென்று வெட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கவும் நேரமில்லை. மூன்றாவது தடவை வேணி கேட்காமலே வைத்தாள், அவரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

கடைசிக் கவளம் உள்ளே போகும்போது அருக்காணி தூக்கக் கலக்கத்தோடு நிலைப்படியில் வந்து நின்றாள். வழித்துத் துடைத்த இலையைப் பார்த்தாள். பரிமாறுகிற பெண்ணைப் பார்த்தாள். அருக்காணிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏனுங்க, இங்க சாப்புட்டீங்களா?"

"முடியல அருக்காணி. வயிறு நெறையச் சாப்புட்டேன். என்னைய மன்னிச்சுரு" என்றார் நல்லசிவம்.

கனகமணி சிரித்த முகமாக வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"தம்பி சொன்ன மாதிரியே அந்த மூணு பொண்ணு ஊட்டுலயும் கை நனைக்காம, நம்மூட்டுக்கு வந்து நனைச்சுச் சம்மதம் சொல்லீட்டீங்க. இனி நல்ல நாள் பாத்துரலாமுங்களா, சம்பந்தி?"