‘ஆனா’வுக்குக் காத்திருப்பவர்

காது இருக்கிற எல்லாரும் கேட்பவர்கள் அல்லர். ஒரு வகையினர் கேட்பதே இல்லை, டிக் அடிக்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்கள் நடுவே இந்த இனம் செழித்து வளர்கிறது. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். காதில் ஹெட்ஃபோன், மடியில் வினாத்தாள், பல்லிடுக்கில் பென்சில். கூப்பிட்டால் ஒரு விரலை உயர்த்துவார். ‘பொறு, இன்னும் பேசி முடிக்கவில்லை’ என்று அதற்குப் பொருள். யார் பேசி முடிக்கவில்லை? முகம் தெரியாத ஒரு பெண்மணி. நூலகத்துக்கு எந்தப் பேருந்தில் போவது என்று தன் தோழிக்கு விளக்கிக்கொண்டிருக்கிறாள்.

நம் ஆள் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். இரண்டு முறை தேர்வு எழுதி, இரண்டு முறையும் கேட்டு விடையளிக்கும் பகுதியில் அரை மதிப்பெண்ணில் வழுக்கி விழுந்தவர். மூன்றாம் முறைக்குத் தயாராகும்போது அவருக்கு ஞானம் பிறந்தது. ஒலிப்பதிவில் முதலில் சொல்லப்படுவது பொறி. “திங்கட்கிழமை சந்திப்போம்” என்பார்கள். பென்சில் திங்களை நோக்கிப் பாயும்போது ஒரு ‘ஆனால்’ வரும், திங்கள் செத்துப் புதன் பிறக்கும். ஆகவே முதலில் வருவதை நம்பாதே, ‘ஆனால்’ வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொள். மற்றவர்களுக்குத் தினமும் இதே கட்டளையை இடுகிறவருக்கு இது கஷ்டமா என்ன? நூற்றிருபது ஒலிப்பதிவுகளை இப்படிக் கேட்டுத் தள்ளினார், மதிப்பெண் மளமளவென்று ஏறியது. சந்தேகம்தான் அறிவின் வாசல் என்று சிந்தனையாளர்கள் சொன்னதுண்டு. வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் சந்தேகிக்கச் சொன்னதாக நினைவில்லை.

பயிற்சி மேசையோடு நிற்கவில்லை. ஒருநாள் எக்ஸ்ரே அறைக்கு லாரி ஓட்டுநர் ஒருவர் நொண்டிக்கொண்டு வந்தார்.

“இடது முட்டிதான் சார், உயிர் போகுது. ஆனா வலதும் அப்பப்ப லேசா பிடிக்குது.”

நம் ஆள் வலது முட்டியை மூன்று கோணங்களில் வெகு அழகாகப் படம் எடுத்து அனுப்பினார். எலும்பு மருத்துவர் படத்தையும் ஓட்டுநரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தங்கமான முட்டி. இத வச்சுக்கிட்டு எதுக்குய்யா நொண்டுறீங்க?”

வீட்டில் ஒலிப்பதிவை ஓட்டி விடைகளைச் சரிபார்க்கும் பொறுப்பு மைத்துனருடையது. மனைவியின் தம்பி, வாய் சும்மா இருக்காது.

“மாமா, நாப்பதுக்கு முப்பத்தெட்டு. அக்கா பேசுறதுலதான் நாப்பதுக்கு ரெண்டு.”

மனைவி பள்ளியில் கணக்கு ஆசிரியை. பதினாறு வருட வேலை, அடுத்த மாதம் தலைமை ஆசிரியை ஆகப்போகிறாள். கணவர் தேர்வில் வென்றால் அதையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு மூட்டை கட்ட வேண்டும். தேர்வுக்கு நான்கு நாள் முன்பு, துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

“எனக்கு இந்த வேலைய விட மனசே இல்லைங்க. ஆனா நீங்க இவ்வளவு பாடுபடுறப்ப குறுக்க நிக்க மாட்டேன்.”

அவர் மனத்தில் மூன்று விடைகள் வரிசையில் வந்து நின்றன. ஏ: வேலையை விட விருப்பமில்லை. பி: இன்னும் முடிவு செய்யவில்லை. சி: கிளம்பத் தயார். ஏ அப்பட்டமான பொறி, பச்சைக் குழந்தைக்கும் தெரியும். சி-க்கு டிக் அடித்தார்.

“சரிம்மா” என்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். மனைவி பாதி மடித்த சட்டையோடு கொஞ்ச நேரம் நின்றாள். நிற்பதற்கு வினாத்தாளில் கட்டம் கிடையாது.

தேர்வில் வென்றார். கேட்கும் பகுதியில் முழு மதிப்பெண். முடிவு வந்த மாலை தாளைக் கொண்டுவந்து மனைவியிடம் நீட்டினார். அவள் ஒரு வரி விடாமல் படித்தாள்.

“ரொம்ப சந்தோஷங்க. நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்.”

அவர் விரலை உயர்த்தினார். காத்திருந்தார். மின்விசிறி சுற்றியது. குழாயில் ஒரு சொட்டு விழுந்தது, இன்னொரு சொட்டும் விழுந்தது.

“ஆனா…?” என்று எடுத்துக் கொடுத்தார்.

“ஆனா ஒண்ணும் இல்ல.”

“அவ்வளவுதான் மாமா, பதிவு முடிஞ்சுது” என்றார் மைத்துனர்.

விரல் மெல்ல இறங்கியது. “இத நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேங்க. முதல் வரியில.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து அறையிலிருந்து யாரோ உங்களை ஏதோ கேட்டார்கள். நீங்களும் தலை நிமிராமல் “ம்” என்றீர்கள். அது எந்தக் கேள்விக்கு விடை?