ஆடியில் விற்காத வீடு

எனக்கு நாள் பார்க்கத் தெரியும். அடுப்பு வாங்குவதிலிருந்து அறுவை சிகிச்சை வரை எங்கள் குடும்பத்தில் நாள் குறித்துக் கொடுப்பவள் நான்தான். (அறுவை சிகிச்சை என் கணவருக்கு. டாக்டர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.) அந்தத் திறமையை ஒரு வெளிநாட்டு வரி அலுவலகத்திடம் காட்டப் போய் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை இது.

மெல்போர்னில் எங்களுக்குச் சொந்த வீடு இருந்தது. வாங்கிய நாள் முதல் அதில்தான் குடியிருந்தோம். என் கணவர் சண்முகம் ஓய்வு பெற்றதும் அதை விற்றுவிட்டுக் கோத்தகிரிக்கே திரும்புவதாக முடிவு. அந்தப் பணத்தை நம்பி இங்கே வீடு கட்டவும் ஆரம்பித்துவிட்டோம். கீழ்வீடு எல்லாருக்கும். மாடி எனக்கு மட்டும். பள்ளத்தாக்கைப் பார்த்தபடி பெரிய கண்ணாடி ஜன்னல், அதன் முன்னால் ஒரு சாய்வு நாற்காலி. அதில் உட்கார்ந்து டீ குடிப்பதை நினைத்துக்கொண்டேதான் அத்தனை வருடமும் மெல்போர்ன் ரயிலில் நின்றபடி வேலைக்குப் போனேன்.

விமான டிக்கெட் எடுத்தாயிற்று. கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது ஒரு தம்பதி நல்ல விலைக்குக் கேட்டு வந்தார்கள். உடனே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம் என்றார்கள். நான் காலண்டரைப் பார்த்தேன். ஆடி மாதம்.

"ஆடியில யாராச்சும் ஊட்ட விப்பாங்களா? ஊருக்குப் போயி ஆவணி பொறந்ததும் போட்டுக்கலாங்க" என்றேன்.

"ஊடு விக்கற வேலையப் பாக்கற வக்கீலம்மா நேத்தே கூப்புட்டுச்சு, சாந்தா. கெளம்பறதுக்கு முன்னால பேசோணும்னு சொல்லுச்சு. ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்."

"அந்தம்மாவுக்கு ஆடி தெரியுமாங்க?"

தெரியாதுதான். சண்முகம் கையிலெடுத்த போனைக் கீழே வைத்துவிட்டார். வாங்க வந்தவர்களுக்கு எங்கள் வழக்கத்தை நானே விளக்கினேன். பாவம், அவர்கள் எங்கள் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்துப் பூங்கொத்து கொடுத்துவிட்டு, காத்திருப்பதாகச் சொல்லிப் போனார்கள்.

ஆவணி பிறந்தது. கோத்தகிரியில் வாடகை வீட்டில், முகூர்த்த நேரத்தில், லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, திரையில் கையெழுத்துப் போட்டோம். (கீபோர்டில் தேங்காய்த் தண்ணீர் தெறித்ததை நல்ல சகுனம் என்று அறிவித்தேன்.) அந்தப் பக்கம் புது வீட்டில் மேஸ்திரி பழனிச்சாமி மாடிப்படியைக் கட்டி முடித்திருந்தார்.

மறுநாள் மெல்போர்னிலிருந்து வக்கீலம்மா கூப்பிட்டார். வாழ்த்துச் சொல்லத்தான் என்று நினைத்து ஸ்பீக்கரில் போட்டேன். எங்கிருந்து கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டார். இந்தியா என்றேன், பெருமையாக. நிரந்தரமாகப் போய்விட்டீர்களா என்றார். வேலை, கார் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்துவிட்டோம் என்றேன், இன்னும் பெருமையாக.

கையெழுத்துப் போட்ட தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு நிதானமாக விளக்கினார். அங்கேயே வசிப்பவர் தான் குடியிருந்த வீட்டை விற்றால் லாபத்துக்கு வரி இல்லை. நாட்டை விட்டுப் போய் வெளிநாட்டுவாசியான பிறகு விற்றால் அந்தச் சலுகை கிடையாது. வாங்கிய நாளிலிருந்து ஏறிய லாபத்துக்கு வரி உண்டு. அதற்குப் பார்ப்பது ஒப்பந்தத்தில் கையெழுத்தான தேதியைத்தான்.

"கிளம்பும் முன் போட்டிருந்தால் ஒரு காசு வரி இல்லையே. ஏன் போடவில்லை?"

"அது கெட்ட மாதம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வாழ்நாளில் அவ்வளவு அசட்டுத்தனமாக நான் எதுவும் சொன்னதில்லை. மத நம்பிக்கையைக் காட்டி மேல்முறையீடு செய்யலாமா என்றும் கேட்டேன். வக்கீலம்மா இருமினார். போனை வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சண்முகம் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன்.

வரி போக மிஞ்சியது கீழ்வீட்டுக்கே சரியாக இருந்தது. "ஏனுங் அம்மணி, மாடிக்குச் செங்கல் எறக்கீரலாமுங்களா?" என்று பழனிச்சாமி வந்து நின்றபோது, பொறுங்கள், நாள் பார்த்துச் சொல்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

இன்னும் சொல்லவில்லை. படி இருக்கிறது, மாடி இல்லை. மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குடை பிடித்துக்கொண்டு டீ குடிக்கிறேன். நாள் பார்ப்பதையும் விடவில்லை. (என் நாளில் தப்பில்லை. நான் இருந்த நாடுதான் தப்பு.)

வீட்டுக்கு வருகிற யாரும் அந்தப் படியை அண்ணாந்து பார்க்காமல் போவதில்லை. "மாடி எங்கீங்க?" என்று கேட்பார்கள். சண்முகம் என்னைப் பார்க்காமலே பதில் சொல்வார்.

"அத ஆஸ்திரேலியா கவர்மென்ட்டுக்குக் குடுத்துட்டமுங்க. நல்ல நாள் பாத்துத்தான் குடுத்தமுங்க."