நிர்மலாவின் குரலுக்கு ஓர் ஈக்குவலைசர்

புக்கிட் ரம்பாய்,
ஞாயிறு காலை.

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மச்சான் மருதமுத்து அவர்களுக்கு,

கணேஸ்வரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் தங்கை நிர்மலாதேவியும் நலமாக இருக்கிறோம். தாங்களும் கோமளா அக்காவும் அங்கே நலம் என்று நம்புகிறேன். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு தாங்கள் தினமும் காலையில் நடக்கப் போவதாகவும், போகிற வழியில் ரோட்டி சானாய் கடைப் பக்கம் தலைகூடத் திருப்புவதில்லை என்றும் கேள்விப்பட்டேன். முதல் செய்தியை முழுமையாக நம்புகிறேன்.

தாங்கள் இருக்கும் ரெம்பியாவுக்கும் எங்கள் வீட்டுக்கும் காரில் அரை மணி நேரம்தான். இந்தத் தூரத்துக்கு ஒருவன் உட்கார்ந்து கடிதம் எழுதி, கூடவே ஒரு பென்டிரைவையும் வைத்துத் தபாலில் அனுப்புகிறான் என்றால் அவனுக்கு ஓய்வு பெற்றதில் மூளை கலங்கிவிட்டது என்று தாங்கள் நினைக்கலாம். அப்படியில்லை. பென்டிரைவில் ஒரு பாட்டு இருக்கிறது. நிர்மலா பாடியது. அது தங்களிடம் வந்து சேருவதற்குள் இந்த வீட்டில் என்னென்ன நடந்தது என்பதைத் தாங்கள் தெரிந்துகொண்டு கேட்டால் நல்லது என்று எனக்குப் படுகிறது.

மலர்விழி கல்யாணத்தைப் பற்றி நான் வாய் திறக்கக்கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். ஆனால் பாட்டு அங்கேதான் ஆரம்பித்தது, அதனால் வேறு வழியில்லை. அன்றைக்கு நலங்கில் நிர்மலா பாடியது அவளே கட்டிய பாட்டு. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் சில வரிகள், மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி செய்து கொஞ்சம், கோமளா அக்காவின் ரசத்தைப் பற்றிக் கொஞ்சம், என் வழுக்கையைப் பற்றிக்கூட இருந்தது, டேவான் மண்டபமே சிரித்தது தங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஒன்பது பேர் முடிந்ததும் தாங்கள் மேடைக்கு வந்து மைக்கை வாங்கி, போதும் தங்கச்சி, மூணு மணிக்கு டேவான திருப்பிக் குடுக்கணும் என்றீர்கள். தாங்கள் சொன்னதில் தப்பே இல்லை. அந்த டேவான் ஆட்கள் பின்வரிசை நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்ததை நானே பார்த்தேன். ஆனால் மச்சான், பத்தாவது ஆள் தாங்கள்தான். பெண்ணைப் பெற்றவர் கடைசியில் வரட்டும் என்று அவள் வைத்திருந்தாள். தாங்கள் நிறுத்தியது தங்களைப் பற்றிய வரிகளைத்தான் என்பது தங்களுக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை, என்னையும் சொல்ல விடவில்லை. இப்படியே அண்ணனும் தங்கையும் பேசாமல் இரண்டு வருடம் ஓடிவிட்டது.

போன மாதம் தாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த செய்தி எங்களுக்குக் குடும்ப வாட்ஸ்அப்பில்தான் வந்தது, அதுவும் தாங்கள் வீடு திரும்பிய மறுநாள். நிர்மலா அதைப் படித்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். சமையலறை அலமாரியில் இருந்த டப்பாக்களை எல்லாம் இறக்கிக் கழுவினாள். நான் உதவிக்குப் போனேன், போகச் சொன்னாள். கடைசி டப்பாவையும் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பாட்ட முழுசா பாடி அண்ணனுக்கு அனுப்பணும். நீங்க கம்ப்யூட்டர்ல ஏத்துங்க."

தங்களுக்குத் தெரியும், நான் பத்து பெரண்டாம் ஊர்த் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் தரக் கட்டுப்பாட்டில் இருந்தவன். நகக்கண் அளவு பாகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, இது ஆகும், இது ஆகாது என்று பிரித்துப் போடுவதுதான் என் வேலை. ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாக இந்த வீட்டில் எனக்குக் கிடைத்த பெரிய பொறுப்பு குப்பைப் பையை வெளியே வைப்பது. அப்படிப்பட்டவனிடம் வந்து கம்ப்யூட்டர்ல ஏத்துங்க என்று சொன்னால் என்ன ஆகும்? மறுநாளே ஒரு மைக்கும், இலவசமாகக் கிடைக்கும் ஓர் ஒலிப்பதிவு மென்பொருளும் ஏற்பாடு செய்துவிட்டேன். சாப்பாட்டு மேசையில் மைக்கை வைத்து, நான் மூன்றடி தள்ளி மடிக்கணினி முன் உட்கார்ந்து, ஒலி அளவு காட்டும் பச்சைக் கோடு சிவப்புக்குத் தாவாமல் பார்த்துக்கொண்டேன். அவள் கையால் தாளம் போட்டுக்கொண்டே ஒரே மூச்சில் பத்துப் பேரையும் பாடி முடித்துவிட்டு, துணி எடுக்கப் போகிறேன் என்று கொல்லைப்பக்கம் போய்விட்டாள். பதிவு நன்றாகத்தான் இருந்தது. நான் அத்தோடு விட்டிருக்க வேண்டும்.

விடவில்லை. ஹெட்போன் மாட்டிக் கேட்டபோது ஒவ்வொரு குறையாகத் தெரிய ஆரம்பித்தது. அடியில் ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. தாளத்துக்குத் தாளம் வளையல் சிணுங்கியது. சில எழுத்துகளில் குரல் சீறியது, சில இடத்தில் மூக்கால் பாடுவது போல் இருந்தது. இதையெல்லாம் சரிசெய்ய ஈக்குவலைசர் வேண்டும் என்று இணையத்தில் சொன்னார்கள். அதாவது மச்சான், ஒரு குரலில் அடித்தொண்டையும் இருக்கும், நடுக்குரலும் இருக்கும், கீச்சும் இருக்கும். எது கூட வேண்டுமோ அதை ஏற்றி, எது வேண்டாமோ அதை இறக்குவது ஈக்குவலைசர். அந்தக் காலத்து ஹைஃபை பெட்டியில் வரிசையாக மேலே கீழே தள்ளும் பொத்தான்கள் இருக்குமே, அதேதான். இப்போது அது ஒரு சின்ன மென்பொருளாக வந்து ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் ஒட்டிக்கொள்கிறது, அதைப் பிளகின் என்கிறார்கள். ஒன்று போதும். ஆனால் உலகத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வீடியோவில் ஓர் ஆள் இதைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள் என்கிறான், அடுத்த வீடியோவில் இன்னோர் ஆள் அதைத் தொடுகிறவனுக்குக் காதே இல்லை என்கிறான். நான் ஓர் அட்டவணை போட்டுப் பதினான்கைத் தேர்ந்தெடுத்து, முன்னோட்டப் பதிப்புகளை இறக்கி, ஒவ்வொன்றாகச் சோதிக்க ஆரம்பித்தேன்.

முதலில் வந்ததில் முப்பத்தொரு பொத்தான்கள். ஒன்றை இறக்கினால் இன்னொன்று துருத்திக்கொண்டு தெரியும். அரை நாள் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் இறக்கியதில் கடைசியில் பாட்டே கேட்கவில்லை. அடுத்தது பழைய வானொலிப் பெட்டி போல் முகம் வைத்திருந்தது. குரலுக்குக் கதகதப்புக் கொடுக்கும் என்றார்கள். பிஸ்கட் டின்னுக்குள் தலையை விட்டுப் பாடியது போல் ஆனது. அது காசு கட்டாத முன்னோட்டப் பதிப்பு என்பதால் நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்ஸ்ஸ் என்று ஓர் இரைச்சலை நடுவில் போட்டுவிடும், நான் ஒலிபெருக்கியில் வைத்துக் கேட்டதால் நிர்மலா கடுகு தீய்கிறது என்று நினைத்து அடுப்பை அணைக்க ஓடினாள். இப்படி அன்றைக்கு நான்கு தடவை ஓடினாள். இன்னொன்று மிகத் துல்லியமானது, ஆனால் குமிழைத் திருப்பினால் சிறிது நேரம் கழித்துத்தான் குரல் மாறும். முப்பத்தொரு வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு அது ஒரு குறையாகத் தோன்றவில்லை, நல்ல மதிப்பெண் கொடுத்தேன். ஒன்றில் செயற்கை அறிவு இருந்தது. அது நம்மை ஒன்றும் கேட்பதில்லை. தானே பத்து விநாடி பாட்டைக் கேட்டுவிட்டுத் தானே முடிவெடுத்தது. முடிவில் நிர்மலாவின் குரல், பேரங்காடியில் சிவப்புச் சட்டை போட்ட குழந்தையைக் காணவில்லை என்று அறிவிக்கும் பெண்ணின் குரல் போல் ஆகிவிட்டது.

இதற்கிடையே அவளும் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். வளையல் சத்தத்தை எடுக்கப் போகிறேன் என்று சொன்னேன். வளையல கழட்டிட்டு யாராச்சும் நலங்கு பாடுவாங்களா என்று கேட்டுவிட்டுப் போனாள். அதை நான் ஒரு கருத்தாக மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் வேலை முடிந்தது. மூன்று பிளகின்களை அடுக்கடுக்காகப் போட்டு, பதினோரு இடத்தில் வெட்டி, உறுமல், சிணுங்கல், சீறல் எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டேன். மூக்குக் குரலும் ஓரளவு போனது, கடைசி வரிகளைத் தவிர. அவளைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டேன். முழுப் பாட்டையும் அசையாமல் கேட்டாள்.

"யாரு இது?"

நீதான் என்றேன்.

"நான் இல்ல." ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். "என்கிட்ட இவ்வளவு குறை இருக்குன்னு நீங்க முன்னமே சொல்லியிருக்கலாம்."

அதன் பிறகு மூன்று நாள் பேச்சு இல்லை. சோறு வரும், குழம்பு வரும், ஆள் வர மாட்டாள். பக்கத்து வீட்டுக் காளியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, அண்ணே, தோசை ஆறுதாம் என்று சொல்வார்கள். நிர்மலா அவர்களிடம் சொல்லி அனுப்பியது. மச்சான், அண்ணன் தங்கைக்கு நடுவில் கிடந்த பேசாமையை எடுக்கப் போய் அதை என் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். இரண்டு வருடம் தாங்கள் எப்படித் தாங்கினீர்கள் என்று அந்த மூன்று நாளில் யோசித்தேன். எனக்கு மூன்று நாளே முடியவில்லை.

நான்காம் நாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அலோர் காஜாவுக்குத் திலீபனைப் பார்க்கப் போனேன். கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர், நிர்மலாவுக்கு எத்தனையோ தடவை மைக் வைத்தவர், தாங்களும் பார்த்திருப்பீர்கள். கடையில் உட்கார்ந்து ஒரு பெரிய ஸ்பீக்கரைப் பிரித்துப் போட்டிருந்தார். என் அட்டவணையைக் காட்டி, இதில் எந்த ஈக்குவலைசர் நல்லது என்று கேட்டேன். அவர் அட்டவணையைப் பார்க்கவே இல்லை. ஒன்றும் போடாத பாட்டை முதலில் கேட்கவேண்டும் என்றார். கேட்டுக்கொண்டே சிரித்தார், என் வழுக்கை வந்த இடத்தில் என் தலையைப் பார்த்தார். கடைசி வரிகள் வந்தபோது நான் நிறுத்தி விளக்கினேன். இந்த இடத்தில்தான் ஆயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் ஏதோ அடைக்கிறது, 'மழைக்கோட்டு' என்ற சொல்லில் தொடங்கி முடிவு வரை மூக்கால் வருகிறது, குரலும் நிலையாக இல்லை, பதினான்கு பிளகினிலும் போகவில்லை என்றேன். அந்த வரிகளை இங்கே எழுதினால்தான் நான் சொல்வது தங்களுக்குப் புரியும்:

இருந்ததொரு மழைக்கோட்டு, அதை எனக்கு மாட்டிவிட்டு,
நனைஞ்சபடி சைக்கிளிலே பள்ளிக்கூடம் கொண்டுவிட்ட
அண்ணன் பெத்த பொண்ணுக்கு நலங்கு வைக்க வந்தேனே.

திலீபன் அதைத் திரும்ப ஒருமுறை போட்டுக் கேட்டார். ஹெட்போனைக் கழற்றினார்.

"அண்ணே, எந்த ஈக்குவலைசர் போட்டாலும் இது போகாது. அக்கா அங்க அழுதிருக்காங்க."

மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன் மச்சான். என் பெண்டாட்டி என் எதிரே அழுதிருக்கிறாள், நான் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பத்து நாள் உட்கார்ந்து அந்த அழுகையை வெட்டி எடுக்கவும் பார்த்திருக்கிறேன். இருபத்தெட்டு வருட அனுபவத்தில் நான் இவ்வளவு பெரிய பிழையை வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

திலீபன் நல்ல மனிதர், மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒலிப்பதிவு மென்பொருளோடு இலவசமாகவே வந்த சாதாரண ஈக்குவலைசர் ஒன்று இருந்தது, நான் சோதிக்கவே தகுதியில்லை என்று ஒதுக்கியது. அதைத் திறந்து, ஃபிரிட்ஜ் உறுமும் அடி ஓசையை மட்டும் இறக்கினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஃபிரிட்ஜ அணைச்சிட்டு எடுத்திருந்தா இதுவும் வேணாம்ணே என்றார். ஆக, எந்த ஈக்குவலைசரைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, யாரையும் கூப்பிடாமல், ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டேன். நிர்மலா சமையலறை வாசலில் வந்து நின்றாள். வளையல் சிணுங்கியது, சீறல் சீறியது, மழைக்கோட்டு வந்தது. நான் இந்தத் தடவை கணினியைப் பார்க்கவில்லை. முடிந்ததும் மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. இது நான்தான் என்று சொல்லிவிட்டு உள்ளே போய், தோசையை அவளே கொண்டுவந்து வைத்தாள்.

அந்தப் பாட்டுத்தான் இந்த உறையில் இருக்கிறது. தொலைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், நல்ல ஹெட்போனில் கேளுங்கள். கோமளா அக்கா பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள், ஸ்டென்ட் புதிது. கேட்டுவிட்டு அவளுக்கு ஒரு போன் செய்தால் போதும். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் சாப்பிட்டியா என்று கேளுங்கள், மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.

மலர்விழிக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள். கோமளா அக்காவுக்கு என் வணக்கம். தாங்கள் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் எங்களுக்கு மூத்தவராக இருக்கவேண்டும் என்று எல்லாம் வல்ல இறைவனை வேண்டும்,

தங்கள் தங்கை கணவன்,
கணேஸ்வரன்.

பின்குறிப்பு: எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி இதை நிர்மலாவிடம் கொடுத்தேன். நின்றபடியே முழுவதையும் படித்தாள். இரண்டு பிழைகளைத் திருத்தினாள். பிறகு உறையைப் பிரித்துப் பென்டிரைவை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டுவிட்டாள். உடம்புக்கு முடியாம இருக்கிற மனுசனுக்குத் தபால்ல பாட்டு அனுப்புறோமே, நமக்கே நல்லா இருக்கா என்று கேட்டாள். நேரில் வந்து பாடுகிறாளாம். திலீபன் சரிசெய்து கொடுத்த பதிவு வீணாகிறதே என்று நான் சொல்லிப் பார்த்தேன். கார எடுங்க என்றாள். ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் ரத்து செய்துவிடுங்கள். பாட்டு இந்த உறையில் இல்லை, போன் செய்யவும் வேண்டாம், தபாலும் இல்லை, இதை நானே கையில் கொண்டுவருகிறேன். தாங்கள் இதைப் படிக்கும்போது அவள் தங்கள் வீட்டு ஹாலில்தான் இருப்பாள். இப்போது அவள் முன் சீட்டில் ஏறி சீட் பெல்ட்டும் மாட்டியாகிவிட்டது. நான் இன்னும் கைலியில் நிற்கிறேன்.