சத்தம் மட்டும் வந்த கடைசி எபிசோடு

இனிமேல் இந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போவதில்லை என்று தீர்மானம் செய்தேன். சாதாரணத் தீர்மானம் இல்லை. சிங்க் முன்னால் நின்று, கம்பி நாரைக் கையில் பிடித்துக்கொண்டு எடுத்த தீர்மானம்.

விஷயம் இதுதான். எனக்கும் என் மனைவிக்கும் கொலைத் தொடர் என்றால் உயிர். ஓடிடியில் வாராவாரம் ஒரு எபிசோடு, சேர்ந்துதான் பார்ப்போம். கடைசி எபிசோடுக்கு முன்னால் ஆளுக்கொரு கொலைகாரனைச் சொல்ல வேண்டும். தோற்றவர் அடுத்த தொடர் முடிகிறவரை பாத்திரம் தேய்க்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நான்தான் தேய்க்கிறேன்! இத்தனைக்கும் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் நான். ஊரார் விட்ட கால்புள்ளி என் கண்ணுக்குத் தப்பாது, கொலைகாரன் மட்டும் தப்பிவிடுவான். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் என் மனைவியோ, சீட்டைப் பார்த்து மாத்திரை எடுக்கிற மாதிரி சரியான ஆளைக் கை காட்டிவிடுவாள்.

இந்தத் தடவையும் கடைசி எபிசோடு மத்தியானம் வெளியாகிறது. நாங்கள் பார்ப்பது சாயங்காலம். நடுவில் நான் மட்டும் பார்த்துவிட்டால்? டிவியில் பார்த்தால், எதுவரை பார்த்தோம் என்று எபிசோடுக்குக் கீழே சிவப்புக் கோடு விழுந்து காட்டிக் கொடுத்துவிடும். அப்போதுதான் அச்சகத்தில் யாரோ, கம்ப்யூட்டரில் படம் ஓட்டுகிற ஓப்பன் சோர்ஸ் மீடியா பிளேயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இலவசமாம். உளவு பார்க்காதாம். யாரிடமும் கோள் சொல்லாதாம். அப்படி ஒரு ஜீவன் என் வீட்டில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அரை நாள் லீவு போட்டேன். பரணிலிருந்த பழைய கம்ப்யூட்டரை இறக்கி, தூசி தட்டி, பிளேயரை ஏற்றினேன்.

எபிசோடைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. திரை அட்டைக் கறுப்பு.

பக்கத்து வீட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் இருக்கிறார். அவரை இழுத்து வந்தேன்.

"ஓப்பன், ஓப்பன்னாங்களே சார், எதுவும் ஓப்பன் ஆகலியே!"

"பிளேயர்தான் ஓப்பன் சார். படம் பூட்டு போட்டது. சாவியை கம்பெனிக்காரன் தனியா வெச்சிருக்கான். அதை எடுத்து இதுல போடணும்."

"திருட்டுச் சாவியா?" சட்டென்று வாசல் கதவைச் சாத்தினேன்.

"ஐயோ, நல்ல சாவிதான். சந்தா கட்டுறீங்கல்ல?"

"கட்டுறோம். கணக்கு அவ பேர்ல இருக்கு."

"அப்ப அவங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். கேட்டுச் சொல்லுங்க."

தூக்கிவாரிப் போட்டது. யாருக்குத் தெரியக் கூடாதோ அவளிடமே கேட்பதா! வேறு வழி? போன் போட்டேன்.

"என்னங்க, ஆபீஸ்ல இருந்தா பேசுறீங்க?"

"ஆமா... இல்ல, வீட்ல இருந்து. லேசா தலைவலி."

"மாத்திரை கொண்டு வரட்டுமா?"

"வேண்டாம். உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லேன்."

"தலைவலிக்கு நம்பரா?"

"பழைய கம்ப்யூட்டர்ல ஒரு பிளேயர் போட்டேன். சும்மா, டெஸ்ட் பண்ண."

"ஓ."

ஒரே ஒரு ஓ. நம்பரைச் சொல்லிவிட்டாள். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை! உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வேறு போனை வைத்தாள். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது.

ரிப்பேர்காரர் என்னென்னவோ தட்டினார். சத்தம் வந்தது. படம் வரவில்லை.

"என்ன சார் இது அநியாயம்! ரேடியோ மாதிரி பேசுது?"

"பெட்டி ரொம்பப் பழசு. சத்தத்துக்குப் பூட்டு லேசு, விட்டுடுது. படத்துக்குப் பெரிய பூட்டு. உங்க பெட்டியை அது நம்பமாட்டேங்குது."

எனக்கும் அந்தப் பெட்டிக்கும் ஒரே ஜாதகம் போலிருக்கிறது. அவர் சிரித்துக்கொண்டே கிளம்பினார். போகட்டும், கொலைகாரன் யார் என்று தெரிய காது போதாதா? கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்து கேட்டேன்.

கோர்ட்டு சத்தம். நாற்காலிகள் இழுபடுகின்றன. மில் முதலாளிக்கு விஷம் வைத்தது யார் என்பதுதான் கேள்வி. திடீரென்று வக்கீலின் அந்தக் கரகரக் குரல்:

"ஆமாம்! நான்தான் விஷம் வைத்தேன்! இந்தக் கையால்தான் கலக்கினேன்!"

அவ்வளவுதான். நான் நாற்காலியிலிருந்து எகிறிக் குதித்தேன். வக்கீலா! நியாயம் பேச வந்த மனுஷனா! அடப்பாவி, கூடவே இருந்து குழி பறித்திருக்கிறானே! இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? சட்டென்று அணைத்து, கம்ப்யூட்டரை மறுபடியும் பரணில் ஏற்றிவிட்டேன்.

சாயங்காலம் அவள் வந்தாள்.

"தலைவலி போச்சா?"

"போயே போச்சு!"

"சரி, யாருன்னு சொல்றீங்க?"

"வக்கீல்."

"வக்கீலா!" நெஞ்சில் கை வைத்தாள். "நிஜமாவா?"

"அடிச்சுச் சொல்றேன்."

"அவ்வளவு நம்பிக்கையா? அப்ப பந்தயத்தை ஏத்திக்கலாமா? துணி துவைக்கிறதையும் சேர்த்துக்கலாம்."

"சேர்த்துக்கோ!"

"வீடு துடைக்கிறது?"

"அதையும்!"

"ஜன்னல்?"

"பரண் வரைக்கும் போட்டுக்கோ!"

"நான் டாக்டர்னு சொல்லி வைக்கிறேன்" என்றாள் அடக்கமாக. எனக்கே பாவமாக இருந்தது.

டிவியில் கோர்ட்டு வந்தது. இந்தத் தடவை படத்தோடு. வக்கீல் எழுந்தார். நேராகக் கூண்டுக்குப் போனார். கூண்டில் டாக்டர். டாக்டரைப் போலவே தோளைக் குறுக்கி, கையை ஆட்டி நடித்துக் காட்டினார்: "ஆமாம்! நான்தான் விஷம் வைத்தேன்! இந்தக் கையால்தான் கலக்கினேன்! இப்படித்தானே டாக்டர், முதலாளி சாகும்போது அவர் காதில் சொன்னீர்கள்?"

டாக்டர் விம்மினார். என் வாய் சும்மா இருக்கவில்லை. 

"மத்தியானம் இப்படி இல்லையே!"

"மத்தியானமா?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் போனை நீட்டினாள். நாங்கள் டிவி போடுவதற்கு முன்பே பிடித்து வைத்த ஸ்கிரீன்ஷாட். கடைசி எபிசோடு. கீழே பாதிவரை சிவப்புக் கோடு.

"உங்க பிளேயர் கோள் சொல்லலீங்க. கணக்கு என் பேர்லதானே இருக்கு, கம்பெனிக்காரன் சொல்லிட்டான். கரெக்டா வக்கீல் நடிக்கிற இடத்துல நிறுத்தியிருக்கீங்க. படம் வரலியா, சத்தம் மட்டும்தான் கேட்டீங்களா?"

"நடிக்கிறாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மத்தியானம் சாப்பிடும்போது நானும் பார்த்தேனே."

"இன்னிக்கு மட்டுமா?"

"எல்லாத் தொடரும்தான். பார்த்ததும் கோட்டை அழிச்சிடுவேன். அதுக்கு ஒரு பட்டன் இருக்குங்க."

 இத்தனை வருஷப் பாத்திரமும் கண் முன்னால் வந்து போனது.

"இது மோசடி! பந்தயம் செல்லாது!" என்று கத்தினேன்.

"சரி, பஞ்சாயத்து வெச்சுக்கலாம். உங்க தலைவலியில இருந்து ஆரம்பிக்கலாமா?"

எழுந்து சிங்க்குக்குப் போனேன். நார் போட்ட இடத்திலேயே இருந்தது. குழாயைத் திறந்தேன். ஹாலிலிருந்து அவள் குரல் வந்தது.

"என்னங்க, புதுத் தொடர் ஒண்ணு போட்டிருக்கான். தேய்ச்சுக்கிட்டே கேளுங்க. உங்களுக்குத்தான் படம் வேண்டாமே!"