அடுத்தவர் தைராய்டுக்குக் காவல்

நோயாளிகளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது நோயாளிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி. இவருக்கு ஒரு நோயும் கிடையாது. கல்லைத் தின்றாலும் கரைத்துவிடும் வயிறு, படுத்தவுடன் வரும் தூக்கம். ஆனால் வீட்டில் ஒருவருக்குத் தைராய்டு என்று டாக்டர் சொல்லிவிட்டால் போதும், அன்று மாலையே இவர் பதவி ஏற்றுக்கொள்வார். பத்தியக் காவலர் என்று இவருக்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

கடைகளில் இவரை அடையாளம் காண்பது சுலபம். இரண்டு அலமாரிகளுக்கு நடுவே தள்ளுவண்டி குறுக்கே கிடக்கும். மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருக்கும். ஒரு கையில் பிஸ்கட் பொட்டலம், மறு கையில் வெளிச்சம் போட்ட கைபேசி. பொட்டலத்தின் முதுகில் கடுகளவு எழுத்தில் அச்சடித்திருப்பதை, கடன் பத்திரத்தைப் படிப்பது போல உதடசைத்துப் படித்துக்கொண்டிருப்பார். பின்னால் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். கொஞ்சம் வழி விடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். நகர்வாரா? உங்கள் வண்டிக்குள் எட்டிப் பார்ப்பார்.

"சோயா வாங்கியிருக்கீங்க போல. வீட்ல யாருக்கும் தைராய்டு இல்லையே?"

"இல்லைங்க."

"டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்களா?"

அவ்வளவுதான். ரொட்டி வாங்க வந்த மனிதர் கழுத்தைத் தடவிக்கொண்டே வீட்டுக்குப் போவார்.

"நான் டாக்டர் இல்லை, ஆனா..." என்பது காவலருடைய தாரக மந்திரம். அந்த 'ஆனா' வந்துவிட்டால் பையைக் கீழே வைத்துவிடுவது நல்லது. கை வலிக்கும்.

இவ்வளவு விவரமாக எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எங்கள் குடும்பத்திலேயே முதல் தரமான மாதிரி ஒன்று இருக்கிறது. என் அக்காவின் கணவர். கட்டடங்களில் லிஃப்டைச் சோதித்து, 'பயன்படுத்தலாம்' என்று சீட்டு ஒட்டுவது அத்தானுடைய உத்தியோகம். சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனிதர் கையில் மனைவியின் தைராய்டு கிடைத்தால் என்ன ஆகும்?

அக்கா பேருந்து ஓட்டுகிறாள். நகரத்திலேயே குறுகலான தெருக்கள் உள்ள வழித்தடத்தில், நீளமான வண்டியை, கண்ணாடியில் ஒரு கீறல் விழாமல் திருப்பிக்கொண்டு வருவாள். அப்படிப்பட்டவளுக்குக் கொஞ்ச காலமாக உட்கார்ந்த இடத்தில் தூக்கம், வெயிலிலும் குளிர், சீப்பு நிறைய முடி. தைராய்டு சுரப்பு குறைந்திருக்கிறது என்று டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். ரத்தத்தில் அளவு சரியாகும் வரை வண்டி ஓட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். பணிமனையில் அக்காவைத் தொலைந்த பொருட்கள் அறையில் உட்கார வைத்தார்கள். பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகளுக்கு நடுவே, வெளியே தன் வண்டியை வேறொருவர் ஓட்டிக்கொண்டு போகும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பாள். "அந்த ஆளுக்கு கியர் மாத்தவே தெரியலைடா," என்பாள் என்னிடம். கண்ணில் நீர் நிற்கும். கொட்டாவியால் வந்த நீர் என்று சொல்லிக்கொள்வாள்.

அத்தான் களத்தில் இறங்கினார். முதல் வாரமே குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கட்டம் போட்ட அட்டவணை ஏறியது. பச்சைக் கட்டம் சாப்பிடலாம், மஞ்சள் யோசிக்கலாம், சிவப்பு நினைக்கவே கூடாது. முட்டைக்கோஸ் சிவப்பில் போனது. காலிஃபிளவர் அதன் பின்னாலேயே போனது. முட்டைக்கோஸ் அக்காவுக்கு உயிர். அயோடின் அவசியம் வேண்டும் என்றது ஒரு காணொளி, கூடவே கூடாது என்றது இன்னொன்று. அத்தான் யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். இரண்டு வகை உப்பையும் வாங்கிவந்து, ஒரு நாள் அது, ஒரு நாள் இது என்று முறை வைத்தார். திட்டம் முழுக்க அவருடையது. அடுப்பு மட்டும் அக்காவுடையது. தூக்கக் கலக்கத்தில் அவள் மீனை வேகவைத்துக்கொண்டிருக்க, இவர் பின்னால் நின்று உப்பு எந்த டப்பாவிலிருந்து வருகிறது என்று கண்காணிப்பார்.

சனிக்கிழமைகளில் கடைக்கு நான்தான் கார் ஓட்ட வேண்டும். அக்கா ஓட்டக் கூடாது. அத்தானுக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் எப்படி ஓட்ட வேண்டும் என்பது தெரியும்.

அவர் தம் கையால் செய்த காரியமும் ஒன்று உண்டு, அதைச் சொல்லாவிட்டால் பாவம். காலையில் அக்கா கண் விழிக்கும்போது மாத்திரையோடு கட்டிலருகே நிற்பார். மருந்துக்கடைக்காரர் ஏதோ எழுதி ஒட்டிக் கொடுத்த புட்டி அவருக்குப் பிடிக்கவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, மாத்திரைகளைக் கிழமைக்கொரு அறை உள்ள வண்ணப் பெட்டியில் அடுக்கிவிட்டார். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் வயிறு புண்ணாகிவிடும் என்பது அவருடைய சித்தாந்தம். ஆகவே மாத்திரைக்குத் துணையாக, பெரிய குவளை நிறையச் சூடான பால். "கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்கணும்," என்று நின்று பார்ப்பார். அக்கா குடிப்பாள். குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கடமை முடிந்த திருப்தியோடு லிஃப்ட் பார்க்கக் கிளம்புவார்.

வாரங்கள் போயின. அக்காவின் கொட்டாவி மட்டும் போகவில்லை. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மூவரும் டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தோம். அத்தான் மடியில் அட்டவணை.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். "அளவு அப்படியேதான் இருக்கு. மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

"ஒரு நாள் விட்டதில்லை," என்றார் அத்தான்.

"அவங்களைக் கேட்டேன். எப்படிச் சாப்பிடுறீங்க?"

"பாலோட," என்றாள் அக்கா. "இவர்தான் குடுப்பார்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "தண்ணிலதாம்மா போடணும். வெறும் வயித்துல. காபி, காலைச் சாப்பாடு எல்லாம் அரை மணி, ஒரு மணி கழிச்சுத்தான். பால் அந்த நேரத்துல கிட்டவே வரக் கூடாது, மருந்து உடம்புல சரியாவே சேராது. போன தடவை இதைத்தானே சொல்ல வந்தேன்?"

சொல்லத்தான் வந்தார். அன்றும் நான் கூட இருந்தேன், நன்றாக நினைவிருக்கிறது. மாத்திரையை எப்படிப் போட வேண்டும் என்று அவர் வாயெடுத்த நேரத்தில், அத்தான் குறுக்கே புகுந்து காலிஃபிளவரைப் பற்றிக் கேட்டார். அதிலிருந்து முள்ளங்கிக்குத் தாவினார். முள்ளங்கியைச் சமாளித்து முடிப்பதற்குள் வெளியே அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்; அக்கா நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தாள். கடையில் இருக்கும் அத்தனை பொட்டலங்களின் முதுகையும் படித்த மனிதர், ஒரே ஒரு புட்டியில் ஒட்டியிருந்ததை மட்டும் படிக்காமல் தூக்கிப் போட்டிருக்கிறார்.

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. வராத குரலில் கேட்டார்.

"அப்ப முட்டைக்கோஸ்?"

"நல்லா வேகவச்சு அளவாச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது."

அக்கா மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். குறுகலான தெருவில் குறுக்கே நிறுத்தியிருக்கும் காரின் சொந்தக்காரரை அவள் பார்க்கும் பார்வை அது.

காரில் வீட்டுக்குக் கிளம்பினோம். பின் இருக்கையில் அத்தான் அட்டவணையை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்குச் சிறிதாக்கிவிட்டார். "பயமா இருந்துச்சும்மா," என்றார் திடீரென்று. "நீ பேசிட்டிருக்கும்போதே தூங்கிட்ற. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியலை." இத்தனை நாள் இந்த மனிதர் கடை கடையாக முட்டைக்கோஸைத் திட்டிக்கொண்டு திரிந்ததெல்லாம் இந்தப் பயத்தில்தான். அக்கா கையைப் பின்னால் நீட்டி அவர் முழங்காலைத் தட்டினாள். "சரி விடுங்க. போற வழியில முட்டைக்கோஸ் வாங்கணும். பெருசா."

அதன் பிறகு காலையில் தண்ணீர். பால் பிற்பாடு, அதுவும் அக்கா கேட்டால். ரத்தத்தில் அளவு மெல்லச் சரியானது, அக்காவின் குரல் ஏறியது, குடைகளுக்கு விடை கொடுத்துவிட்டு அவள் வண்டிக்குத் திரும்பினாள். முதல் நாள் அத்தானும் நானும் ஏறினோம். வண்டி கிளம்பிக் கடைத்தெரு முனையைத் திரும்பியதும் அத்தான் எழுந்து முன்னால் போனார்.

"மதியத்துக்கு நீ என்ன சாப்பிடணும்னா..."

அக்கா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலைக்கு மேலே கையைக் காட்டினாள். 'வண்டி ஓடும்போது ஓட்டுநரோடு பேசக் கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அத்தான் படித்தார். அறிவிப்பை மதிக்கிறவர், பேசாமல் வந்து உட்கார்ந்தார்.

திருந்திவிட்டார் என்று எனக்கு மகிழ்ச்சி. அடுத்த நிறுத்தத்தில் ஒரு பெரியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி, எதிர் இருக்கையில் காய்கறிப் பையோடு அமர்ந்தார். அத்தானின் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

"முட்டி வலிங்களா? பையில தக்காளி தெரியுதே. நான் டாக்டர் இல்லை, ஆனா..."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. இத்தனை நேரமாகப் படித்துக்கொண்டிருந்தபோது, உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் மாத்திரையைப் பாலோடு விழுங்குகிறார் என்று நடுவிலேயே நினைத்துக்கொண்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? கைபேசியைக் கையில் எடுத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். நல்ல மனதோடுதான் எடுத்திருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பேசுங்கள். நெற்றியிலிருக்கும் கண்ணாடியை மட்டும் முதலில் இறக்கிவிட்டு, அவர் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்.